மூக்கைப் பிடித்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விக்டோரியா அரசி காலத்து, அதாவது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மக்களுக்குப் பெருந்தொண்டு செய்த பொறியாளர் ப்ரூனலா, பேசல்ஜெட்டா? நான் பேசல்ஜெட் பக்கம்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “ப்ரூனல் கட்டிய பாலத்தைப் படம் பிடிக்கலாம், பேசல்ஜெட் கட்டிய சாக்கடையைப் பார்க்கப் போனால் மூக்கைத்தான் பிடிக்கணும்!” நீங்களும் கை தட்டினீர்கள்.

மூக்கைப் பிடித்த கதையை நான் சொல்கிறேன். 1858 கோடை. லண்டன் கழிவெல்லாம் தேம்ஸில். கொளுத்துகிற வெயிலில் ஆறே நாறுகிறது. கரையிலேயே நாடாளுமன்றம்! திரைச்சீலைகளை, நாற்றம் போக்கும் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டார்கள். நாற்றம் நின்றதா? இல்லை. மறுபடி சொல்கிறேன் தம்பி: கழிவு கலந்த தண்ணீரால் பரவும் காலராவில் ஏழைகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது இழுத்தடித்த சபை, தன் திரைச்சீலை நனைந்ததும் ஆகஸ்டுக்குள் சட்டம் போட்டது! மூக்கைப் பிடித்தவர்கள் உறுப்பினர்கள். பிடித்த கையை எடுக்க வைத்தவர் பேசல்ஜெட்!

எப்படி? ஆற்றில் விழுந்த சாக்கடைகளைக் குறுக்கே மறித்துக் கிழக்கே திருப்பினார். 82 மைல் பெருஞ்சாக்கடை, 31.8 கோடி செங்கல். சரிவு மைலுக்கு 2 அடி; அதுவும் குறைந்தால் மண்டி தங்கி அடைக்கும். தெருச் சாக்கடைக்கு முட்டை வடிவம், கூர்முனை கீழே. தண்ணீர் குறைந்தாலும் அந்த ஒடுக்கத்தில் வேகமாக ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஈரத்திலும் இறுகும் போர்ட்லாண்ட் சிமெண்ட். சூளையில் பதம் தப்பினால் கட்டடமே போச்சு. அதனால் மாதிரிக் கட்டி வார்த்து, இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். தேம்ஸ் கரையில் கிராஸ்னஸ் நிலையத்தில் 4 நீராவி எந்திரங்கள் கழிவைத் தொட்டிக்கு ஏற்றின. ஆற்றில் கடல் ஓதம் வடியும்போதுதான் தொட்டியின் மதகைத் திறந்தார்கள். ஏறும்போது திறந்தால் எல்லாம் ஊருக்கே திரும்பி வருமே!

இதை அவர் முடிக்குமுன், 1866இல் காலரா மறுபடி வந்தது. கிழக்கு லண்டனில் ஐயாயிரத்துக்கும் மேல் சாவு. அந்தப் பக்கத்துக் கழிவை ஏற்றவேண்டிய அபே மில்ஸ் நிலையம் அப்போது முடியவில்லை ஐயா! 1868இல்தான் திறந்தார்கள்.

1891இல் பேசல்ஜெட் கண் மூடினார். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா எண்ணாயிரத்துக்கும் மேல் உயிரைக் கொண்டுபோனது. லண்டனில் அது பரவவில்லை. அந்தக் கோடையில் கிழக்கு லண்டன் தாய்மார் குழாய்த் தண்ணீரை மொண்டு கொடுத்தார்கள். பிள்ளைகள் குடித்துவிட்டு விளையாடப் போனார்கள்.