ஈர்க்குச்சி தாங்கும் ஆறு கிலோ கல்: பையூட் பொறி எப்படி வேலை செய்கிறது?

[திரையில்: சாய்ந்து நிற்கும் தட்டைக் கல். அதன் அடியில் குறுக்கே ஒரு மெல்லிய குச்சி.]

இந்தக் கல் 6 கிலோ. இது விழாமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே குறுக்காகத் தெரிகிறதே, ஈர்க்குச்சி கனத்தில் ஒன்று, அதுதான். எலி ஒன்று வந்து அதை மூக்கால் இடித்தால் போதும், கல் பட்டென்று விழுந்துவிடும்.

பையூட் பொறி என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் சியரா நெவாடா மலைக்கும் வாசாட்ச் மலைக்கும் நடுவில் கிரேட் பேசின் என்ற வறண்ட பெரும்பரப்பு இருக்கிறது, இன்றைய நெவாடா மாநிலத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் வரும். அங்குள்ள பழங்குடிகளான பையூட் மக்களின் பெயர்தான் இந்தப் பொறிக்கும். அந்த நிலத்தில் முயல், மர எலி, தரை அணில் மாதிரி சின்ன உயிர்கள் நிறைய. தட்டைக் கல்லுக்கும் பஞ்சமில்லை. முயலுக்கு நீளமான வலை கட்டி எல்லோரும் சேர்ந்து விரட்டுவார்கள். ஆனால் கால் கிலோ எலிக்காக ஒரு ஆள் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார முடியுமா? அந்தக் காவலைக் கல்லிடம் விட்டுவிட்டார்கள்.

சரி, பாகங்களுக்கு வருவோம். நாலு குச்சி, ஒரு துண்டுக் கயிறு, அவ்வளவுதான்.

[திரையில்: பாகங்கள் ஒவ்வொன்றாகக் கையில்.]

ஒரு சாண் உயரத்தில் கம்பம் ஒன்று. அதைவிடக் கொஞ்சம் குட்டையாக நெம்புகுச்சி. விரல் நீளத்துக்குள் ஒரு பூட்டுக்குச்சி. கடைசியாக அந்த ஈர்க்குச்சி மாதிரியான இரைக்குச்சி. எல்லாமே நன்றாகக் காய்ந்த குச்சியாக இருக்கட்டும், பச்சைக் குச்சி வளையும், காயும்போது சுருங்கும்.

கல்லின் ஒரு விளிம்பு தரையில் இருக்க, தூக்கிய விளிம்புக்குச் சற்று வெளியே கம்பத்தை நட்டுவிடாமல் சும்மா நிறுத்துங்கள். அதன் உச்சியில் நெம்புகுச்சியைச் சாய்வாக வையுங்கள்: குட்டைப் பக்கம் கல்லுக்கு அடியில், நீளப் பக்கம் வெளியே கீழ்நோக்கி. அந்த நீளப் பக்கத்து நுனியில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் பூட்டுக்குச்சி தொங்கும். அதைக் கம்பத்தின் அடியில் அரைச் சுற்று சுற்றுங்கள். விட்டால் சர்ரென்று சுழன்று அவிழ்ந்துவிடும், கையில் அந்த இழுப்பு தெரியும். இப்போது இரைக்குச்சியின் ஒரு முனையைப் பூட்டுக்குச்சியின் நுனியில் முட்டக் கொடுத்து, மறுமுனையைக் கல்லின் அடிப்பரப்பில் ஊன்றுங்கள். இழுப்பு நின்றுவிடும். பூட்டு விழுந்தாயிற்று.

இவ்வளவு மெல்லிய குச்சி எப்படித் தாங்குகிறது? கல்லின் பாதி எடையைத் தரை வாங்கிக்கொள்கிறது, அதனால் நெம்புகுச்சிக்கு வருவது சுமார் 3 கிலோ. கம்பத்திலிருந்து கல் 3 செ.மீ. தூரத்திலும் கயிறு 12 செ.மீ. தூரத்திலும் இருந்தால், கயிற்றுக்குப் போவது அதில் நாலில் ஒரு பங்கு, 750 கிராம். கயிறும் பூட்டுக்குச்சியும் கம்பத்தில் உரசும் உராய்வு இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மிச்சம்தான் இரைக்குச்சிக்கு.

கயிறே இல்லாமல், எண் 4 வடிவில் மூன்று குச்சிகளை வெட்டுவாயில் கோத்து வைக்கும் பொறியும் உண்டு. அது எளிது, ஆனால் பாரம் முழுக்க அந்த வெட்டுகளில் உட்காருவதால் லேசாக இடித்தால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். என்னைக் கேட்டால் பையூட் பொறிதான் மேல்.

முக்கியமான விஷயம் ஒன்று. கல்லுக்கு அடியில் இன்னொரு தட்டைக் கல் கட்டாயம் வேண்டும். மண் மெத்தென்று இருந்தால் விலங்கு சாகாமல் நசுங்கித் துடிக்கும். கல் விலங்கின் எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான்; எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

[திரையில்: குறிஞ்சி நிலத் தினைப்புனம், ஓவியம்.]

கல்பொறி நமக்கும் புதிதில்லை. சங்கப் பாடல்களில் இது அடார். நற்றிணை 119ஆம் பாடலில், தினையைத் தின்ன வரும் பன்றிக்காகப் புனவன், அதாவது தினைப்புனத்துக்காரன், ‘சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ வைக்கிறான். அதில் அகப்படுவது புலி! மலைபடுகடாமோ, பன்றிக்கு அஞ்சி அது நுழையும் வழிதோறும் கல்பொறி மாட்டியிருக்கிறார்கள், விடிந்த பிறகு போங்கள் என்று வழிப்போக்கரை எச்சரிக்கிறது. யார் வந்து இடித்தார்கள் என்று கல்லுக்குத் தெரியாது. நாயாக இருக்கலாம், ஒரு குழந்தையின் கையாகவும் இருக்கலாம்.

அதனால் தயவுசெய்து காட்டில் போய் இதை வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்குக்குப் பொறி வைப்பதும் வேட்டைதான், பிடிபடாவிட்டாலும் முயற்சியே குற்றம். நுட்பத்தைக் கற்றுக்கொள்ள இரையும் வேண்டாம், விலங்கும் வேண்டாம்.

வீட்டு முற்றத்தில் கல்லுக்குப் பதில் ஒரு பலகையை வைத்துப் பழகுங்கள். பூட்டும்வரை பலகைக்கு அடியில் ஒரு செங்கல் இருக்கட்டும், பூட்டியதும் நீளக் குச்சியால் செங்கல்லை வெளியே தள்ளிவிட்டு, அதே குச்சியால் இரைக்குச்சியைத் தட்டுங்கள். விழவில்லையென்றால் பெரும்பாலும் இரைக்குச்சி பூட்டுக்குச்சியின் நடுப்பக்கமாக முட்டிக்கொண்டிருக்கும், அதை நுனிக்குத் தள்ளி வையுங்கள். தொடுவதற்கு முன்பே விழுகிறதா? கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் கயிற்றின் நீளத்தைப் பாருங்கள்.