ஒரு கடிதம், ஒரு சட்டம்: 1865-ஐ எப்படி நடத்தலாம்?

வணக்கம். அமெரிக்க வரலாறு நடத்துறவங்களுக்கான வீடியோ இது. 1865-ன்னு வந்தா டெக்ஸ்ட்புக்ல உள்நாட்டுப் போர் முடிஞ்சது, அமெரிக்க அரசியல் சட்டத்தோட 13-வது திருத்தம் வந்துச்சு, அடிமை முறை ஒழிஞ்சதுன்னு ரெண்டு மூணு வரிதான் இருக்கும், பசங்களும் அதை மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பாடத்துக்கு போயிடுவாங்க. கூடவே ரெண்டு சின்ன விஷயம் படிக்க குடுங்க.

முதல்ல ஜோர்டன் ஆண்டர்சனோட கடிதம். டென்னசில அடிமையா இருந்தவர், 1864-ல விடுதலையாகி குடும்பத்தோட ஒஹாயோவுல டேட்டன் ஊருக்கு வந்துட்டார். போர் முடிஞ்சதும் பழைய எஜமான் திரும்பி வா, நல்லா வச்சுக்கறேன்னு எழுதறார். அதுக்கு இவர் சொல்லச் சொல்ல எழுதின பதில், தேதி 1865 ஆகஸ்ட் 7, அப்பவே பேப்பர்ல வந்துச்சு. நான் 32 வருஷம் உழைச்சேன், என் மனைவி மாண்டி 20 வருஷம், எனக்கு மாசம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர், ஆக மொத்தம் 11,680 டாலர் பாக்கி, துணிமணிக்கும் டாக்டர் மூணு தடவை வந்ததுக்கும் மாண்டிக்கு ஒரு பல்லு புடுங்கினதுக்கும் கழிச்சுட்டு மிச்சத்தை அனுப்புங்கன்னு கேக்கறார். இந்த கணக்கை பசங்களையே போர்டுல போட சொல்லுங்க. 9,600-ம் 2,080-ம், சரியா வரும்.

ஆனா கணக்கோட நிறுத்திடாதீங்க, எனக்கு அதைவிட முக்கியமா படறது அடுத்த பகுதி. என் பொண்ணுங்க மில்லி, ஜேன் வளர்ந்துட்டாங்க, அங்க வந்தா அவங்களுக்கு பாதுகாப்பு இருக்குமா, மாட்டில்டாவுக்கும் கேத்தரினுக்கும் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்ங்கிறார். அதுக்கு மேல விவரம் சொல்லல. பெரிய வகுப்புன்னா இந்த இடத்துல அவசரப்படாதீங்க, பசங்க தானா புரிஞ்சுக்கட்டும்.

ரெண்டாவது, அதே வருஷம் நவம்பர்ல மிசிசிப்பி போட்ட சட்டம். விடுதலையானவங்க காண்ட்ராக்ட் முடியறதுக்குள்ள தகுந்த காரணம் இல்லாம வேலையை விட்டா அந்த வருஷ சம்பளமே போயிடும், யார் வேணும்னாலும் அவங்களை பிடிச்சு முதலாளிகிட்ட கொண்டுபோய் விடலாம்னு இருக்கு. ரெண்டு பிரிவு மட்டும் படிச்சா போதும், முழுசா படிச்சா சட்ட மொழியிலயே வகுப்பு தூங்கிடும். ஆண்டர்சன் ஊர் டென்னசி, இந்த சட்டம் பக்கத்து மாநிலத்தோடது, அதை மட்டும் குழப்பாம சொல்லிடுங்க.

13-வது திருத்தம் உறுதியானது டிசம்பர்ல. ஆகஸ்ட், நவம்பர், டிசம்பர்னு மூணையும் போர்டுல வரிசையா எழுதிட்டு, அப்புறம் டெக்ஸ்ட்புக்ல அந்த ரெண்டு வரியை திரும்ப படிக்க சொல்லுங்க.