இடிவதால் வெள்ளை

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், டோவர் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் வெண்பாறைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் இருக்கும் நம்மவர்களில் பலர் அவற்றைக் காரில் இருந்தபடியே பார்த்திருப்பீர்கள். பாரிஸில் ஒரு கலியாணவீடு, ஜெர்மனியில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று கப்பலேறப் போகும்போது, வாகன வரிசைக்கு மேலே ஒரு பெரிய சுவர் நிற்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் பசிக்கிறது என்பார்கள், வரிசை நகரும், சுவர் மறந்துபோகும். நிமிர்ந்து பார்த்தவர்களுக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்றார்கள், இது சாம்பலும் பச்சையுமாக அல்லவா இருக்கிறது!

உங்கள் கண்ணில் பிழை இல்லை. துறைமுகத்தின் பின்னால் நிற்கும் பாறை உண்மையிலேயே மங்கல்தான். அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே ஒன்றிரண்டு மைல் போனால் வெள்ளை கூடும். மேற்கே சசெக்ஸ் கடற்கரைக்குப் போய் செவன் சிஸ்டர்ஸ் என்ற குன்றுகளைப் பார்த்தால் கண் கூசும். திரைப்படங்களில் டோவர் என்று காட்டுவது பல நேரம் அந்த செவன் சிஸ்டர்ஸ்தான். ஒரே கல், ஒரே காலத்துக் கல், ஆனால் நிறம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. ஏன் என்று கேட்டால், கடல் அடிக்கிற இடத்தில் பாறை இடிகிறது. இடிந்தால் உள்ளே இருக்கும் புதுக் கல் வெளியே வரும், அது வெள்ளை. டோவரில் 1909-இல் முடிந்த பெரிய அலைத்தடுப்புச் சுவர்கள் துறைமுகத்தைக் காக்கின்றன, கூடவே பாறையின் அடியையும் காக்கின்றன. அலை தொடாத பாறையில் மண் தங்குகிறது, புல் முளைக்கிறது, செடி வேர்விடுகிறது. பாதுகாப்பாக இருக்கும் பாறை பச்சையாகிறது, இடிந்துகொண்டிருக்கும் பாறைதான் வெள்ளையாக நிற்கிறது.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனால், அந்தக் கடற்கரையில் காணும் பலதும் விளங்கும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கல் என்று சொல்கிறேனே தவிர, அது மிக மென்மையானது, நகத்தால் சுரண்டலாம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டியின் மூலப்பொருள் இதுதான். இப்போது கடையில் கிடைக்கும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது என்பது வேறு கதை. இந்தச் சுண்ணம் முழுக்க முழுக்க உயிரினங்களிலிருந்து வந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இன்றைய தென் இங்கிலாந்து ஒரு வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் மிதந்தன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணத் தகடுகளைப் போர்த்தியிருந்தது. ஒரு தகட்டின் அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பாசி செத்தால் தகடு அடியில் படியும். அப்படிப் படிந்தது ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர்தான். டோவரில் பாறையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டர் வரை உயர்கிறது. எத்தனை காலம் படிந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு, ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே நில அழுத்தத்தில் இந்தப் படிவும் மேலே வந்தது.

வெள்ளைக்கு நடுவே கறுப்பாகக் கிடைக்கோடுகள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். அவை சிக்கிமுக்கிக் கற்கள். கடற்பஞ்சுகளின் உடலில் இருந்த சிலிக்கா கரைந்து, சுண்ணத்துக்குள் மீண்டும் உறைந்து உண்டானவை. பாறை இடியும்போது சுண்ணம் கடலில் கரைந்துவிடும், இந்தக் கறுப்புக் கல் கரையாது. உருண்டு உருண்டு கூழாங்கல்லாகிக் கரையில் சேரும். காலில் குத்துகிறதே, அந்தக் கடற்கரை முழுக்கப் பாறையின் பழைய உடல்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? நடந்தா, படகிலா?

மேலே நடப்பவருக்குப் பாறை தெரியாது! காலுக்குக் கீழே இருப்பதை எப்படிப் பார்க்க முடியும்? புல்வெளி தெரியும், கடல் தெரியும், தெளிவான நாளில் எதிரே பிரான்சின் கரை தெரியும். கரை வளைகிற இடங்களில் மட்டும் அடுத்த பாறையின் முகம் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். அதற்காக நடை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். டோவர் ரயில் நிலையத்தில் இறங்கி, நகரைக் கடந்து, துறைமுகத்துக்கு மேலே ஏறி, சவுத் ஃபோர்லண்ட் கலங்கரை விளக்கம் வரை போகும் பாதையை நான் யாருக்கும் சொல்வேன். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வரவேற்பு நிலையத்திலிருந்து விளக்கம் வரை மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஏற்ற இறக்கம் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் போகலாம். வழியில் எக்ஸ்மூர் குதிரைகள் மேயும். சின்னக் குதிரைகள், பழுப்பு நிறம். முரட்டுப் புல்லை அவை தின்றால்தான் சிறு பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், அந்தச் செடிகளை நம்பி நீல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. அதற்காகவே குதிரைகளை அங்கே விட்டிருக்கிறார்கள்.

வானொலியில் பேசிக்கொண்டு அந்தக் கலங்கரை விளக்கத்தை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. முதன்முதலில் மின்விளக்கு எரிந்த கலங்கரை விளக்கம் அது. 1858-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் மேற்பார்வையில் அந்தச் சோதனை நடந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1898-இன் இறுதியில், வானொலியின் முன்னோடி மார்க்கோனி அங்கே வந்தார். குட்வின் மணல்திட்டு என்று எதிரே கடலில் ஒரு மரணக்குழி இருக்கிறது. கப்பல்களை அது எத்தனையோ முறை விழுங்கியிருக்கிறது. அதன் அருகே, மற்றக் கப்பல்களை எச்சரிக்க விளக்கேற்றி நங்கூரமிட்டிருந்த ஒரு விளக்குக் கப்பலுக்கும் பாறை மேலிருந்த விளக்கத்துக்கும் இடையே கம்பியில்லாமல் செய்தி அனுப்பிக் காட்டினார். 1899 மார்ச்சில் பிரான்சின் விமெரோவிலிருந்து ஆங்கிலக் கால்வாய் தாண்டி இங்கே செய்தி வந்தது. அடுத்த மாதமே இன்னொரு கப்பல் வந்து அந்த விளக்குக் கப்பலில் மோத, உதவி கேட்டு வானலையில் செய்தி அனுப்பினார்கள். நீங்கள் இப்போது என் குரலைக் கேட்கிற வழி தன் தொடக்க நடையைப் பழகிய இடங்களில் அந்தப் பாறை உச்சியும் ஒன்று.

அதே பாதையில் ஃபேன் பே என்ற இடத்தில் பாறையைக் குடைந்து செய்த ஒலிக்கண்ணாடிகள் இருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய முயற்சி அது. ஆளுயரத்தில் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விட்டத்தில், குழிவான ஒரு வட்டம். வருகிற விமானத்தின் சத்தம் அதில் பட்டு ஒரு புள்ளியில் குவியும், ஒருவர் காதில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். 1930-களில் ராடார் வந்ததும் இது தேவையற்றுப்போனது. அந்த ராடார் கோபுரங்களையும் ஸ்விங்கேட் பக்கம் பார்க்கலாம். ஃபேன் பேயின் நிலத்தடியிலேயே இரண்டாம் உலகப் போரில் வெட்டிய சுரங்கங்கள். பின்னாளில் மண்ணால் மூடிவிட்டார்கள். 2012-இல் நேஷனல் டிரஸ்ட் பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்த நிலத்தை வாங்கிய பிறகுதான் எல்லாம் தோண்டியெடுக்கப்பட்டு, 2015-இல் பார்வைக்கு வந்தன. 

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி செயின்ட் மார்கரெட்ஸ் குடாவுக்கு இறங்கினால் உங்கள் கைத்தொலைபேசி பிரான்சுக்கு வரவேற்பு சொல்லும். பிரெஞ்சு அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு நேரத்தையும் ஒரு மணி கூட்டிவிடும். ரயிலைத் தவறவிட்டதாகப் பதறாதீர்கள்.

இனிக் கடலிலிருந்து. பாறையின் முழு உயரமும், கேக்கை வெட்டி வைத்தாற்போல அடுக்கடுக்கான அதன் முகமும் கடலிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். எங்கே அண்மையில் இடிந்தது என்பதும் தெரியும். அங்கே வெள்ளை பளிச்சென்றிருக்கும், அடியில் ஒரு குவியல் கிடக்கும், சுற்றியுள்ள நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். 2012 மார்ச்சில் டோவருக்கும் செயின்ட் மார்கரெட்ஸுக்கும் இடையே ஆயிரக்கணக்கான டன் பாறை இப்படிச் சரிந்தது. மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் கல் இது. உறைபனியில் அந்த நீர் கட்டியாகி விரிந்து கல்லைப் பிளக்கும், கீழே அலை அடியை அரிக்கும். குளிர்காலத்தின் கடைசியில் சரிவுகள் நிறைய நடப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே நீரிணையின் குறுகிய அகலம் 33 கிலோமீட்டர் சொச்சம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அதே அளவு. அந்த நினைவு வராமல் வல்வெட்டித்துறைக்காரர் எவரும் இந்தக் கடலைப் பார்க்க மாட்டார்கள். 1970-களில் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் ஒரே மூச்சாக நீந்திக் கடந்த அவ்வூர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1984 ஆகஸ்டில் இந்த ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோதுதான் உயிரிழந்தார். பத்து ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் சிறுவனாக இருந்தபோதே கடந்தார். தூரம் ஒன்றாக இருக்கலாம், கடல் ஒன்றல்ல. இங்கே கோடையிலும் நீர் குளிர், நீரோட்டம் திசை மாறி மாறி இழுக்கும், நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் போய்வரும். இன்றும் நீச்சல்வீரர்கள் பெரும்பாலும் டோவருக்கு மேற்கே ஷேக்ஸ்பியர் பாறையின் அடியிலிருந்தோ, பக்கத்திலுள்ள சாம்ஃபயர் ஹோவிலிருந்தோதான் இறங்குகிறார்கள். சாம்ஃபயர் ஹோ என்பதே, கடலுக்கு அடியில் பிரான்சுக்குப் போகும் கால்வாய்ச் சுரங்கப் பாதை தோண்டியபோது வெளியே வந்த சுண்ணச்சேற்றைக் கொட்டி உண்டாக்கிய நிலம். அந்தச் சேறு மட்டும் 49 லட்சம் கன மீட்டர்! அதன் பின்னால் நிற்கும் பாறையையும் கடல் இப்போது தொடுவதில்லை. அதுவும் பச்சையாகும்.

வெள்ளையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சசெக்ஸ் போக வேண்டும் என்றேன். சீஃபோர்டில் தொடங்கி, கக்மியர் ஆற்றைச் சுற்றி, செவன் சிஸ்டர்ஸின் ஏற்ற இறக்கங்களில் ஏறி இறங்கி, பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்னில் முடிக்கும் நடை அது. ஒரு முழுநாள் வேண்டும், கால்கள் கெஞ்சும். பீச்சி ஹெட் 162 மீட்டர், பிரித்தானியாவின் கடலோரச் சுண்ணப்பாறைகளில் அதுவே உயரம். அங்கே பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1830-களில் விளிம்பிலிருந்து தள்ளித்தான் கட்டினார்கள். பாறை இடிந்து இடிந்து விளிம்பு வாசலுக்கே வந்துவிட்டது. 1999-இல் சுமார் 850 டன் எடையுள்ள கட்டடத்தை அப்படியே தூக்கி, தண்டவாளம்போன்ற சட்டங்களின் மேல் 17 மீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இன்னொரு முறை தள்ளுவதற்கும் அடித்தளத்தில் வசதி செய்திருக்கிறார்களாம். கெட்டிக்காரர்கள்.

அந்தக் கரையில் பாறையின் வேதியியல் தடயங்களை அளந்த ஒரு ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் என்று பின்வாங்கிய பாறை, கடந்த 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது என்று அது சொல்கிறது. புயல்களும், பாறைக்கு முன் அணையாகக் கிடந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஓரிடத்தில் சுவரும் தடுப்பும் கட்டினால், கூழாங்கல் நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போய்ச் சேராது. ஓர் ஊரைக் காப்பது பக்கத்துப் பாறையின் காலை வாருவதாக முடிகிறது.

நம்மவர்கள் முதல்முறை போனால் அதிர்ச்சியாவது ஒன்றில்தான். பெரும்பாலான இடங்களில் வேலி இல்லை. "இவ்வளவு உயரம், ஒரு கம்பிகூடப் போடவில்லையே, என்ன நாடு இது!" என்று பெரியவர்கள் ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேலி இல்லாததுதான் சரி என்று படுகிறது. வேலி போட்டால் அதன் அடியும் சில ஆண்டுகளில் சரிந்துவிடும், அதுவரை அதில் சாய்ந்து படமெடுப்பார்கள். விளிம்புப் புல் உறுதியாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. 2017-இல் செவன் சிஸ்டர்ஸில் படத்துக்காகத் துள்ளிக் குதித்த ஒரு மாணவி விழுந்து இறந்தார். விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நடங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கீழே கரையில் நடந்தால் பாறையின் அடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காதீர்கள். கடல் ஏறும் நேரத்தை முன்பே பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறும்போது சில இடங்களில் திரும்பி வர வழி இருக்காது. மழை பெய்த மறுநாள் சுண்ணப்பாதை எண்ணெய் தடவினாற்போல வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

கடைசியாக, கப்பல் விஷயம். டோவரில் பாறை தென்கிழக்கைப் பார்த்து நிற்பதால் காலை வெயில்தான் நேராக முகத்தில் விழும். ஆகவே காலைக் கப்பலில் எதிர்க்கரையான பிரான்சின் கலே போங்கள், ஒன்றரை மணி நேரப் பயணம். ஏறியதும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடாமல் பின்தளத்துக்குப் போய் நில்லுங்கள். முதல் அரை மணி நேரம்தான் நல்ல காட்சி. மாலையில் திரும்பும்போது பாறை நிழலில் இருக்கும். வாகனமில்லாத பயணிகளை எல்லாக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள், முன்பதிவு செய்யும்போது கேட்டுவிடுங்கள். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரெஞ்சு அதிகாரிகள் சோதிப்பது கலேயில் அல்ல, டோவர் துறைமுகத்திலேயேதான். விசா இல்லையென்றால் கப்பலில் கால்வைக்கவே முடியாது. அப்படிப்பட்டவர்கள், பருவகாலத்தில் டோவரிலிருந்தே கரையோரமாகப் போய்த் திரும்பும் சுற்றுலாப் படகு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சின்னப் படகு, கொஞ்சம் நனைவீர்கள், ஆனால் பெரிய கப்பலைவிடப் பாறைக்குக் கிட்டப் போகும்.

நன்றி, வணக்கம்.