உருகாத இரும்பு: அகாரியர்களின் உலை

(காட்சி: சால் மரக் காட்டின் நடுவே புகையும் ஒரு மண் உலை)

இந்த உலையில் இரும்பு உருகுவதே இல்லை. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இடுப்பளவுகூட எட்டாத இந்தக் களிமண் உலை ஏறத்தாழ 1200 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் மரக்கரியிலிருந்து எழும் வாயு தாதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க, கசடு மட்டும் குழம்பாகி வழிந்தோட, எஞ்சிய இரும்பு துளை நிறைந்த கட்டியாக அடியில் திரளும். அதைச் சூடு ஆறுவதற்குள் வெளியே இழுத்து, உள்ளே சிக்கிய கசடு தெறித்து விழும்வரை சம்மட்டியால் அடிக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா, திண்டோரி பகுதிகளிலும் சத்தீஸ்கரிலும் வாழும் அகாரியர் என்னும் பழங்குடியினரின் பரம்பரைத் தொழில் இது. 'ஆக்' என்றால் இந்தியில் நெருப்பு. அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர்.

(காட்சி: துருத்தி மிதிக்கும் கால்கள், அண்மையில்)

துருத்தியைப் பாருங்கள். தோல் போர்த்திய இரண்டு கிண்ணங்கள். ஒவ்வொரு தோலின் நடுவிலும் ஒரு துளை. குதிகால் அத்துளையை அடைத்தபடி அழுத்தும்போது காற்று உலைக்குள் பாய்கிறது. காலை எடுத்ததும் வளைந்த மூங்கில் கழி தோலை மேலே இழுத்துக்கொள்கிறது. மணிக்கணக்கில் நீளும் இந்த மிதியில் பெண்களுக்கும் பங்குண்டு. இரும்படிப்பது ஆண்களின் வேலை என்று சொல்லிப் பழகிய நாம் இதைக் கவனிப்பதில்லை.

இவர்களின் தெய்வங்களும் உலைக்குள்ளேயே இருக்கின்றன: இரும்புக்கு லோகாசுரன், கரிக்குக் கோயலாசுரன், நெருப்புக்கு அக்யாசுரன். சூரியனோ பகைவன். தங்கள் முன்னோனான லோகுண்டி ராஜாவின் குலத்தை அவனே எரித்தழித்தான் என்று அவர்களின் தொன்மக் கதை கூறுகிறது.

1942-இல் மானிடவியலாளர் வெரியர் எல்வின் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்குள் தொழில் நலிந்திருந்தது. வனச் சட்டங்கள் கரி சுடுவதைக் கட்டுப்படுத்தின, உலைக்கு வரி விதிக்கப்பட்டது, சந்தையில் ஆலை இரும்பு மலிவாகக் கிடைத்தது. இவற்றுள் ஆலை இரும்பையே பலரும் காரணமாகச் சொல்வார்கள். கரியில்லாமல் உலை இல்லை என்பதால், காட்டை இழந்ததே பெரிய அடி என்பது என் கருத்து.

(காட்சி: பட்டறையில் பழைய இரும்பு)

இன்று பலர் கூலி வேலைக்குச் செல்கிறார்கள்; பட்டறையை விடாதவர்களில் பெரும்பாலோர் பழைய இரும்பைக் காய்ச்சி அரிவாளும் ஏர்க்கொழுவும் அடிக்கிறார்கள். ஆனால் பேய் பிசாசு அண்டாமல் காக்கும் என்று அக்கம்பக்கத்து மக்கள் நம்பியது, தாதிலிருந்து புதிதாக எடுத்து வேறெதற்கும் பயன்படுத்தாத 'கன்னி இரும்பை'த்தான். பழைய இரும்பில் அடித்த ஆணிக்கு அந்தப் பெயர் கிடையாது.