கையெழுத்து இருந்தால் ஒரிஜினல் ஆகிவிடுமா?

ஒரு வாசகரின் கேள்வி. பழைய காலண்டர் பாணி பின்-அப் ஓவியம், அதாவது சுவரில் மாட்டிவைக்கிற கவர்ச்சிப் பெண் படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், கீழே ஓவியரின் கையெழுத்து இருக்கிறது, விற்பவர் ஒரிஜினல் என்று சொல்கிறார், நம்பலாமா, காமிக்ஸ் பக்கங்களுக்கும் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்.

கையெழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அச்சுப் பிரதியிலும் ஓவியர் பேனாவால் கையெழுத்துப் போடுவார். ஓரத்தில் பென்சிலால் 37/500 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 500 அச்சுப் பிரதிகளில் 37ஆவது, அவ்வளவுதான்.

ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கன்னம், தோள் மாதிரி நிறம் மெல்ல மாறுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சு. இங்க்ஜெட் பிரிண்டில் வரிசை இருக்காது, ஆனால் அதே நிறங்கள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும், ஆல்பர்ட்டோ வர்காஸ் போன்ற பின்-அப் ஓவியர்கள் நீர்வண்ணத்தோடு, காற்றால் நிறத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷும் பயன்படுத்தினார்கள், அதுவும் லென்ஸில் துளித்துளியாகத்தான் தெரியும், ஆனால் அந்தத் துளி ஒவ்வொன்றும் அந்த இடத்தின் நிறத்திலேயே இருக்கும், தோல் நிறத்துக்குள் தனியாக ஒரு நீலப் புள்ளி வந்து நிற்காது.

இன்னொரு பின்-அப் ஓவியர் கில் எல்வ்கிரென், பிரவுன் அண்ட் பிகலோ என்ற காலண்டர் நிறுவனத்துக்கு வரைந்தவை பெரும்பாலும் 30க்கு 24 அங்குல கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தூரிகைத் தடம் தெரிய வேண்டும். கேன்வாஸில் அச்சடித்து மேலே நிறமில்லாத ஜெல்லைப் பூசித் தடம் உண்டாக்குகிறவர்களும் உண்டு, அதனால் தடம் இருக்கிறதா என்பதோடு விடாமல், அது கூந்தலின் வளைவோடும் துணியின் மடிப்போடும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள்.

காமிக்ஸ் பக்கம் இன்னும் சுலபம், ஏனென்றால் அது அச்சுக்குப் போவதற்காக வேலை செய்த தாள், அழகாக வைத்துக்கொள்ள யாரும் மெனக்கெடவில்லை. மைக்கு அடியில் அழியாத பென்சில் கோடு, அச்சுக்காகப் படமெடுக்கும் கேமராவில் விழாத வெளிர் நீலக் குறிப்பு, பிழையை மறைத்த வெள்ளைப் பூச்சு, ஒட்டிய வசன பலூன், அதன் பசை பழுப்பேறிய கறை, இதெல்லாம்தான் எனக்குப் பிடித்த அடையாளங்கள். பெரிய கறுப்புப் பரப்பை விளக்கில் சாய்த்தால் மை திட்டுத் திட்டாகத் தெரியும், அச்சில் ஒரே சீராக இருக்கும். அளவையும் பாருங்கள். அமெரிக்கப் பக்கங்கள் 1960களின் பிற்பகுதியில்தான் 11க்கு 17 அங்குல அட்டைக்கு மாறின, அதற்கு முன் இதைவிடப் பெரியவை. 1950களின் பக்கம் என்று சொல்லி இந்த அளவில் நீட்டினால் காரணம் கேளுங்கள்.

இப்போதைய பக்கங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் பென்சிலில் வரைந்ததை ஸ்கேன் செய்து, வெளிர் நீலத்தில் அட்டையில் அச்சடித்து, அதன் மேல் இன்னொருவர் மை போடுவார். அது ஏமாற்று இல்லை, ஆனால் பென்சில் ஓவியரின் கை அந்த அட்டையில் படவே இல்லை, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

ஃபிரேம் பற்றிச் சுருக்கமாக: லேமினேட் செய்யாதீர்கள், புற ஊதா தடுக்கும் கண்ணாடி போடுங்கள், வெயில் படும் சுவர் வேண்டாம், மார்க்கர் நிறம் சீக்கிரம் வெளுக்கும்.

பிரிண்ட் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், பிரிண்ட் விலைக்கு. ஒரிஜினல் விலை கேட்டால் பின்பக்கப் படம் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த ஓவியத்தை விட்டுவிடுங்கள்.