படுத்தே வளரும் மரம்

[காட்சி: தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிறு இலைகள். பக்கத்தில், அளவு தெரிவதற்காக ஒரு கை.]

கணுக்கால் உயரம்கூட வராத இதைப் புல் என்றுதான் நினைப்போம். இது வில்லோ மர இனம், ஆர்க்டிக் வில்லோ. நூறு வயதைத் தாண்டியும் வாழும். நிமிர்ந்து வளரும் கிளையைக் காற்றும் பனித்துகளும் கருக்கிவிடும். அதனால் படுத்தே வளர்கிறது.

இது வளரும் இடம்தான் தூந்திரம், உயர்ந்த மரங்களே இல்லாத குளிர்நிலம். அலாஸ்கா, வடக்குக் கனடா, கிரீன்லாந்தின் கரையோரம், வடக்கு சைபீரியா என்று ஆர்க்டிக் கடலைச் சுற்றி வளையம் போலக் கிடக்கிறது.

குளிர் அதிகம், அதனால் மரம் இல்லை என்று சொல்லிவிடலாமா? சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க்கில் மைனஸ் 67 டிகிரி வரை பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அங்கே காடு இருக்கிறது! காரணம், அங்கே கோடை சூடாக இருக்கும். தூந்திரத்தில் கோடையின் உச்ச மாதத்தில்கூடச் சராசரி 10 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. செடி வளரக் கிடைப்பது ஐம்பது, அறுபது நாள். ஒரு மரம் தண்டு பருக்க அது போதாது.

[காட்சி: மண்ணின் குறுக்குவெட்டு. மேலே பழுப்பு, கீழே வெளிர் நீலம்.]

சரி, மண்ணுக்குள் போவோம். கோடையில் இளகுவது மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும். அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் உருகாத நிரந்தர உறைபனி. பாலைவனம் அளவுக்குத்தான் மழையும் பனியும் விழுகின்றன. ஆனால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாததால் எங்கு பார்த்தாலும் குட்டை, சேறு. அதில் கொசுக்கள் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றைத் தின்று குஞ்சு பொரிக்கத் தொலைதூரத்திலிருந்து பறவைகள் வந்து இறங்கும்.

[காட்சி: வெண்பனி. கேமரா மெல்ல அதற்குள் இறங்குகிறது.]

குளிர்காலம் வந்தால் வெண்பனிதான் போர்வை. வெளியே உறைந்து சாகும் குளிர் இருந்தாலும், பனிக்கு அடியில் அவ்வளவு குளிர் இருக்காது. எலி போன்ற லெம்மிங்குகள் அங்கே சுரங்கம் அமைத்துப் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். மேலே ஆர்க்டிக் நரி காதைத் தீட்டி நின்று, சத்தம் வந்த இடத்தில் தலைகீழாகப் பாயும். துருவமான்கள் குளம்பால் பனியைத் தோண்டி, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரான லைக்கன்களைத் தின்னும்.

எனக்கு மிகப் பிடித்தது ஆர்க்டிக் தரை அணில். ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்கும். உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கும், ஆனால் ரத்தம் உறையாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம் மறுபடி குளிர்ந்துவிடும்.

[காட்சி: சரிந்த ஆற்றங்கரை. உறைபனி கரைந்து சேறாக வழிகிறது.]

உறைபனிப் பகுதிகளின் மண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. இன்று காற்றில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. எல்லாம் மட்காமல் கிடக்கும் பழைய செடிகள். மண் இளகினால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளியேற்றும்.

[காட்சி: இடுப்பளவு வளர்ந்த புதர்கள்.]

கோடை சூடாகச் சூடாக, அலாஸ்காவில் பல இடங்களில் புதர்கள் உயர்ந்து பரவுகின்றன. பச்சையாக இருக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உயரமான புதர் காற்றில் வரும் பனியைப் பிடித்துத் தன் காலடியில் குவிக்கிறது. லெம்மிங்கைக் காப்பாற்றிய அதே போர்வை அங்கே தடிமனாகிறது. அதற்கு அடியில் இருக்கும் மண்ணுக்கு, உறைந்தே இருக்கத் தேவையான குளிர் போய்ச் சேர்வதில்லை.