மேக் லூப்பில் போர் விமானத்தைப் படமெடுக்க: ஷட்டர் வேகம் மட்டும் போதாது

வணக்கம் மக்களே. வேல்ஸ் மலைக்குள்ள தாழப் பறந்து போற போர் விமானத்த மேலேருந்து எப்படிப் படம் எடுக்கிறது, இன்னைக்கு அது ஒண்ணு மட்டும்தான். இடம் மேக் லூப்.

வடக்க டொல்கெத்லை, தெற்க மஹன்லெத். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தாக்குகளச் சேத்துத்தான் மேக் லூப்னு சொல்றாங்க. பிரிட்டன்ல தாழப் பறக்கிறதுக்குப் பிரிச்சு வெச்சிருக்கிற பகுதிகள்ல இது 7-ஆவது பகுதிக்குள்ள வருது. ஜெட் விமானம் இங்க 250 அடி வரைக்கும் இறங்கலாம், மீட்டர்ல சுமார் 76. நீங்க மலைச்சரிவுல உயரமா நிக்கிறீங்க, விமானம் உங்க கண் மட்டத்துல, சில சமயம் உங்களுக்குக் கீழ போகும். ஏர்ஷோவுல எப்பவும் விமானத்தோட வயிறும் வெறும் வானமும்தான் கிடைக்கும். இங்க முதுகு தெரியும், காக்பிட்டுக்குள்ள ஹெல்மெட் தெரியும், பின்னாடி புல்லும் பாறையும் நிக்கும். இதுக்காகத்தான் உலகம் முழுக்க இருந்து ஆளுங்க இந்த மலையேறுறாங்க.

இப்ப முக்கியமான கணக்குக்கு வருவோம். இங்க ஜெட் வர்ற வேகம் 450 நாட்னு வெச்சுக்குவோம். மணிக்கு 833 கிலோமீட்டர், நொடிக்கு 231 மீட்டர். உங்களுக்கு நேரா வர்றப்ப 200 மீட்டர் தள்ளிப் போகுது, கையில ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் 36 மிமீ அகலம்), 300 மிமீ லென்ஸ். அந்த தூரத்துல உங்க ஃப்ரேமோட அகலம் 24 மீட்டர். சென்சார்ல குறுக்க 6000 பிக்சல் இருந்தா, ஒரு பிக்சலுக்கு 4 மில்லிமீட்டர். 1/1000 நொடியில விமானம் 23 சென்டிமீட்டர் நகந்துடும். அப்படின்னா படத்துல விமானம் 58 பிக்சலுக்கு இழுபட்டு மங்கலாத் தெரியும், இதத்தான் இழுப்புன்னு சொல்றேன். 1/4000 வெச்சாலும் 14 பிக்சல் இழுக்கும். கேமராவ அசையாம பிடிச்சுக்கிட்டு ஷட்டர் வேகத்த மட்டும் ஏத்தி ஜெட்ட நிறுத்த முடியாதுங்க. விமானத்தோட சேந்து நீங்க திரும்பினா மட்டும்தான் அது கூர்மையா விழும். இப்படிச் சேந்து திரும்புறதுக்குப் பேரு பேனிங். அதனால லென்ஸ் வாங்கிற காசுக்கு முன்னாடி பேனிங்குக்கு நேரம் ஒதுக்குங்க.

எவ்வளவு வேகமாத் திரும்பணும்? இதையும் கணக்காவே பாருங்க. விமானம் உங்களுக்கு நேரா வர்ற புள்ளிக்கு இன்னும் 1000 மீட்டர் பாக்கி இருக்கிறப்ப நொடிக்கு ரெண்டரை டிகிரி திரும்பினா போதும், ஃப்ரேம்ல அசையாம நிக்கிற மாதிரியே இருக்கும். 400 மீட்டர்ல 13 டிகிரி. 200 மீட்டர்ல 33. உங்களுக்கு நேரா வர்றப்ப 66 டிகிரி. கடைசி 400 மீட்டர அது 1.7 நொடியில தாண்டிடும். ரெண்டு நொடிக்குள்ள உங்க உடம்பு அஞ்சு மடங்கு வேகம் எடுக்கணும். பல பேரோட மெமரி கார்டுல மூக்கு வெட்டுப்பட்ட விமானமும் வெறும் வாலுமா இருக்கிறதுக்குக் காரணம் இந்த ரெண்டு நொடிதான்.

அதுக்கு நிக்கிற விதம் முக்கியம். விமானம் வர்ற பக்கம் பாத்து நிக்காதீங்க. எங்க படத்த முடிக்கப் போறீங்களோ அந்தப் பக்கம் பாதம் ரெண்டும் பாக்கணும், தோள் அகலத்துக்கு விரிச்சு வைங்க. அப்புறம் இடுப்புக்கு மேல மட்டும் திரும்பி, விமானம் வர்ற பக்கம் கேமராவ வைங்க. இப்ப உடம்பு முறுக்கி இருக்கு. விமானம் நெருங்க நெருங்க முறுக்கு அவிழும், தடை இல்லாம சுத்தும். மாத்தி நின்னா, ரொம்ப வேகம் தேவைப்படுற இடத்துல இடுப்பு முட்டிக்கும். முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டியிருக்கட்டும், இடது கை லென்ஸுக்கு அடியில முன்பக்கமா. ட்ரைபாட், மோனோபாட் ரெண்டும் வேண்டாம். முடிஞ்சப்புறமும் அரை நொடி தொடர்ந்து திரும்புங்க. பட்டன விடுறப்பவே கை நின்னுட்டா கடைசி நாலு ஃப்ரேம் போயிடும்.

ஊர்லயே பழகலாம். நெடுஞ்சாலை ஓரமா 20 மீட்டர் தள்ளி பத்திரமான இடத்துல நின்னுக்கங்க. மணிக்கு 80 கிலோமீட்டர்ல போற காரு நேரா வர்றப்ப கிட்டத்தட்ட இதே 64 டிகிரி வேகம்தான். இதவிட நல்ல பயிற்சி கிடையாது.

லென்ஸ். பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சு 600 மிமீ தூக்கிட்டு ஏறுறாங்க. இங்க வர்ற போர் விமானங்கள்ல டைஃபூன் நீளம் 16 மீட்டர், எஃப்-15ஈ 19.4 மீட்டர். 200 மீட்டர்ல 500 மிமீ வெச்சா ஃப்ரேம் அகலம் 14.4 மீட்டர்தான், ரெண்டுமே வெட்டுப்படும். 300 மிமீல டைஃபூன் ஃப்ரேம்ல மூணுல ரெண்டு பங்கு நிறையும், அது சரியான அளவு. ஹாக் பயிற்சி ஜெட் சின்னது, 12.4 மீட்டர், அதுக்கு 400 மிமீ. உங்க கேமரா ஃபுல் ஃப்ரேமவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார்னா டைஃபூனுக்கு 200 மிமீயே போதும். என் தேர்வு 100-400 ஜூம். விமானம் வர்றப்ப 400, நெருங்கிறப்ப 300-க்கு இறக்கிடுங்க. அதிர்வு தடுக்கிற வசதிய பேனிங் முறைக்கு மாத்துங்க. கேனன், சோனி லென்ஸ்ல பொதுவா மோட் 2, நிக்கான்ல ஸ்போர்ட். சாதாரண மோட்ல விட்டா நீங்க திரும்புறதையே அதிர்வுன்னு நினைச்சு லென்ஸ் எதிர்ப்பக்கம் இழுக்கலாம்.

ஷட்டர் வேகத்துக்கு வருவோம். முதல் தடவை போறவங்க 1/1000 வைங்க. பின்னணி உறைஞ்சு போய் உயிரில்லாம இருக்குமோன்னு பயப்பட வேண்டாம். நீங்க 66 டிகிரில திரும்புறப்ப, முன்ன விமானத்துக்கு வந்த அதே 58 பிக்சல் இழுப்பு இப்ப மலைக்குப் போயிடும், புல்லெல்லாம் கோடு கோடா ஓடும். இது கை வந்தப்புறம் 1/500, 1/320-னு இறங்குங்க. 1/160-க்கு கீழ போனா இன்னொரு சிக்கல் வருது. இவ்வளவு கிட்டத்துல, ஷட்டர் திறந்திருக்கிற நேரத்துக்குள்ளயே விமானம் நம்ம பார்வைக்கு லேசாச் சுழலும், மூக்கும் வாலும் ஒரே வேகத்துல நகராது. எவ்வளவு ஒழுங்காத் திரும்பினாலும் காக்பிட் கூர்மை, வால் இழுப்பு. அது கையோட குறை இல்ல. ப்ரொபெல்லர் விமானத்துக்கு மட்டும் 1/250-க்கு கீழ போயே ஆகணும். ஆங்கில்சீ தீவுல இருக்கிற வேலி (Valley) விமானப்படைத் தளத்துலேருந்து டெக்ஸன் பயிற்சி விமானம் வரும். அத 1/1000-ல எடுத்தா ப்ரொபெல்லர் நின்னுபோய், இன்ஜின் அணைஞ்ச விமானம் மாதிரி தெரியும்.

வெயில் நாள்ல 1/250 வெச்சா அப்பெர்ச்சர், அதாவது லென்ஸோட துவாரம், தானா எஃப் 10, எஃப் 13-னு சுருங்கிடும். சென்சார்ல இருக்கிற தூசி எல்லாம் கறுப்புப் புள்ளியா எழும்பும். போறதுக்கு முந்தின நாள் சென்சார சுத்தம் பண்ணிடுங்க. பொலரைசர் ஃபில்டர் போட்டு வெளிச்சத்தக் குறைக்கலாம்னு தோணும், ஆனா காக்பிட் மூடி பிளாஸ்டிக், அதுல வானவில் பட்டை பட்டையாத் தெரியும்.

எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்ச அளவ, மேனுவல்ல வைங்க. பின்னணி கரும்பச்சை மலைன்னா கேமரா அத இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்த ஏத்தும், சாம்பல் நிற ஜெட்டோட முதுகு வெளுத்துப் போகும். அதே விமானம் மேலெழுந்து வானத்துக்கு எதிர வந்தா நேர்மாறா இருண்டுபோகும். உங்க மேல படுற அதே வெயில் படுற புல்ல அளந்து பூட்டி வெச்சுட்டா இந்த ஆட்டம் இல்ல. வெயில் நாள்ல 1/1000, எஃப் 7.1, ஐஎஸ்ஓ 200-லேருந்து ஆரம்பிங்க. வேல்ஸ்ல பெரும்பாலும் மேகம்தான், அப்ப ஐஎஸ்ஓ 1600 சர்வசாதாரணம். குளிர்காலத்துல பள்ளத்தாக்கு பாதி வெயில், பாதி நிழல். வெயில்பட்ட பாதிக்கே அளந்து வைங்க, நிழல்ல எடுத்தத ரா ஃபைல்ல தூக்கிக்கலாம். வெளுத்தது திரும்ப வராது. வேலி தளத்துலேருந்து வர்ற ஹாக் டி2 பளபளக்கிற கறுப்பு, அதுக்கு மட்டும் வெளிச்சத்த மூணுல ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக் கொடுங்க.

ஃபோகஸ்ல இந்த இடத்துக்கே உரிய தொல்லை ஒண்ணு இருக்கு. வானம் பின்னணியா இருந்தா ஃபோகஸுக்கு வேற பிடிமானம் கிடையாது. இங்க எதிர்மலை முழுக்க பாறை, புல், வேலி. நூலிழை தவறினா ஃபோகஸ் மலைமேல போய் உக்காந்துடும், திரும்பி வர்றதுக்குள்ள ஜெட் போயிடும். அதனால தொடர் ஃபோகஸ் வைங்க, புள்ளி ஒண்ணா இல்லாம நடுவுல ஒரு சின்ன கூட்டமா இருக்கட்டும். ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் தாவணும்ங்கிற அமைப்ப மந்தமான பக்கம் தள்ளிடுங்க. லென்ஸ்ல கிட்டத்துத் தூரத்த ஒதுக்குற சுவிட்ச் இருந்தா போட்டுடுங்க. விமானத்த அடையாளம் காணுற புது மிரர்லெஸ் வெச்சிருந்தா அத நம்பலாம், ஆனா விமானம் புள்ளியா இருக்கிறப்ப அது பிடிக்காது, அதுவரைக்கும் கூட்டப் புள்ளிதான். எலக்ட்ரானிக் ஷட்டர், ஸ்டாக்டு சென்சார் (படத்த ரொம்ப வேகமாப் படிக்கிற சென்சார்) இல்லாத கேமராவுல வேண்டாம், இறக்கையும் வாலும் சாஞ்சு விழும். தூரத்துல பாத்த உடனே பட்டன அமுக்கிடாதீங்க. பஃபர், அதாவது கேமராவோட தற்காலிக நினைவகம், நிறைஞ்சு, நேரா வர்ற நொடியில கேமரா முடங்கிடும். ஃபோகஸ் மட்டும் பிடிச்சுக்கிட்டே வாங்க, கடைசி 2 நொடிக்குத்தான் பர்ஸ்ட், அதாவது தொடர்ந்து படபடன்னு எடுக்கிறது.

சத்தம் கேட்டதும் கேமராவத் தூக்கலாம்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. 1 கிலோமீட்டர் தள்ளி மலைமுனையத் தாண்டி விமானம் தலைகாட்டுது. அங்கேருந்து உங்களுக்கு நேரா வர 4.3 நொடி. சத்தம் வந்து சேரவே 2.9 நொடி. மிச்சம் 1.4 நொடி. கண்ண விமானம் உள்ள வர்ற அந்த மலைமுனை மேலயே வைங்க. நல்ல வேளையா இங்க எல்லாரும் ஒரே திசையில, கடிகாரத்துக்கு எதிராத்தான் சுத்துவாங்க. டினாஸ் மௌத்வி பக்கம் திரும்பி, புல்க் (Bwlch) கணவாய்க்குள்ள மேற்க வந்து, இடது பக்கம் சாஞ்சு கேட் (Cad) கணவாய்க்குள்ள நுழைஞ்சு, கோரிஸ் பக்கமா இறங்கிடும். கேட் கணவாய்க்கு ரெண்டு பக்கமும் நிக்கலாம், நடுவுல ஏ487 சாலை. கேட் வெஸ்ட்ல நின்னா விமானம் இடமிருந்து வலம், கேட் ஈஸ்ட்ல வலமிருந்து இடம். காலையில கிழக்குச் சரிவு, மத்தியானத்துக்கு மேல மேற்குச் சரிவு, அப்பத்தான் வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும். ஈரமான நாள்ல, இறுக்கித் திரும்புற இடத்துல இறக்கை மேல வெள்ளையா நீராவி பூக்கும். அது வேணும்னா நேர்வழிய விட்டுட்டுத் திருப்பத்த நோக்கி நில்லுங்க.

என்ன வரும், எப்ப வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. திங்கள்லேருந்து வெள்ளி வரைதான் போகணும், சனி ஞாயிறு மலையேறிப் பயனில்ல. இங்கிலாந்துல இருக்கிற அமெரிக்க விமானப்படைத் தளமான லேக்கன்ஹீத்லேருந்து வர்றது அமெரிக்க எஃப்-15ஈ, எஃப்-35ஏ. அதனால அமெரிக்க விடுமுறை நாளையும் பாத்துக்கங்க. மேகம் மலைமுகட்டுக்குக் கீழ இருந்தா எவனும் உள்ள நுழைய மாட்டான், வானிலை அறிக்கையில மேக உயரத்தப் பாத்துட்டுக் கிளம்புங்க. விமானத்தத் தேடுற இணையதளங்கள் ஓரளவுக்குத்தான் உதவும், பள்ளத்தாக்குக்குள்ள இறங்கிட்டா சிக்னல் அறுந்துடும். ரேடியோ ஸ்கேனர் வெச்சு ராணுவப் பேச்சக் கேக்கிறது, 2006 வயர்லெஸ் சட்டப்படி பிரிட்டன்ல குற்றம். ட்ரோன கொண்டே போகாதீங்க. நிக்கிற மலை விவசாயிங்களோட மேய்ச்சல் நிலம், நீங்க திறந்த வேலிக் கதவ மூடிட்டு நடங்க. மேல கழிப்பறை கிடையாது, கடை கிடையாது, காத்து கோடையிலயும் நடுக்கும். மழைக்கோட்டு, தண்ணி, சாப்பாடு, பிடிமானமுள்ள பூட்ஸ், இதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது லென்ஸ்.

எடுத்துட்டு வந்தப்புறம் படத்த 100 சதவீதத்துல பெருசாக்கிப் பாருங்க. ஹாக் படம்னா இத கவனிங்க: காக்பிட் மூடியில, விமானி தலைக்கு மேல, ஒரு மெல்லிய கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். அவர் இருக்கையோட வெளிய பாயுறப்ப மூடிய உடைக்கிற வெடிநூல் அது. அந்தக் கோடு பிசிறில்லாம இருந்தா படத்த வெச்சுக்கங்க. கோடு ரெட்டையாத் தெரிஞ்சா அழிச்சுடுங்க, எந்த மென்பொருளும் அத ஒட்டாது. டைஃபூன்ல இன்ஜின் காத்துக்குழாய் பக்கத்துல இருக்கிற சின்ன எச்சரிக்கை எழுத்தப் படிக்க முடியுதான்னு பாருங்க.

தமிழ்நாட்டுல இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சூலூர்லயோ தஞ்சாவூர்லயோ விமானப்படைத் தளத்துக்கு வெளிய நின்னு லென்ஸத் தூக்காதீங்க. இந்தியாவுல அது சட்டச் சிக்கல்ல கொண்டு விடும். உங்களுக்கு ஏத்த இடம் பெங்களூரு எலஹங்கால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிப்ரவரியில நடக்கிற ஏரோ இந்தியா. அங்க கணக்கு மாறுது. விமானம் 500 மீட்டர் தள்ளிப் போனா 500 மிமீல ஃப்ரேம் அகலம் 36 மீட்டர், அதனால 600 மிமீ அங்க வீண் போகாது. பேனிங் வேகமும் பாதிக்குக் கீழ குறைஞ்சுடும். அங்க எதிரி சூடு. மத்தியானம் ரன்வே மேல காத்து அலையடிக்கும், எந்த லென்ஸாலயும் அத வெட்ட முடியாது. தரையில ஓடுற தேஜஸையும் சூர்யகிரண் ஹாக்கையும் காலைக் காட்சியிலேயே எடுத்துடுங்க, மத்தியானக் காட்சியில சக்கரம் தரைய விட்டு நல்லா மேல ஏறினப்புறம் பட்டன அமுக்குங்க.